மிதிவண்டியும் மலாயாத் தமிழரும்

பேராக் மாநிலத்தின் தாப்பா நகரிலிருந்து பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்கு ஏறிச் செல்லும் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. அடிவாரத்தில் இரப்பர் மரங்கள் நிற்கும் தாழ்நிலம். இடையில் மூங்கிலும் பெருமரங்களும் செறிந்த காடு. ரிங்லெட்டைக் கடந்து சென்றால் மலைச்சரிவெங்கும் பாய் விரித்தாற்போன்ற தேயிலைப் பசுமை. மலேசியத் தமிழரின் உழைப்பு இச்சாலையின் இரு முனைகளிலும் பதிந்து கிடக்கிறது. கீழ்முனையில் அவர்கள் பால் வெட்டினர். மேல்முனையில் கொழுந்து கிள்ளினர்.

இந்நாளில் விடுமுறைக் காலைகளில் இச்சாலையின் வளைவுகளில் மிதிவண்டி ஓட்டுவோர் மூச்சிரைக்க ஏறி வருவதைக் காணலாம். அவர்களுள் சிலர் கடையில் நிற்கும் வண்டியை அப்படியே வாங்காமல், சட்டம், சக்கரம், சங்கிலி, டயர் ஆகியவற்றைத் தனித்தனியே தேர்ந்து தம் உடலளவுக்கு ஏற்ப வண்டியைக் கட்டிக்கொள்கின்றனர். மிதிவண்டியின் வரலாற்றை எழுதுவோர் அதன் இரும்புச் சட்டத்தையும் அதனைப் புனைந்த மேலைநாட்டாரையும் விரிவாகப் பேசுவர். நிலத்தைத் தொட்டு ஓடும் டயரின் பின்னே நின்ற கைகளைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அக்கைகளுக்கு உரியவர் மிதிவண்டியின் இருக்கையில் அமர்வதற்கே ஒரு காலத்தில் போராட வேண்டியிருந்தது என்பதை அறிந்தோர் அவரினும் சிலர்.

நிற்காத மிதிப்பு

இன்று நாம் காணும் வடிவிலான மிதிவண்டிக்கு வழிகாட்டியது, இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885ஆம் ஆண்டில் அமைத்த ரோவர் வண்டியாகும். அதற்கு முன்னர் வழங்கிய வண்டியில் முன்சக்கரம் ஆளுயரம் இருக்கும். விழுந்தால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். ஸ்டார்லி இரு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கி, மிதிப்பின் விசையைச் சங்கிலி வழியே பின்சக்கரத்திற்குச் செலுத்தினார்.

அவ்வண்டியின் பின்சக்கரத்துப் பல்வட்டு, சக்கரத்தின் குடத்தோடு இறுகப் பிணைந்திருந்தது. சக்கரம் சுழலும் வரை மிதிகட்டையும் சுழலும். மிதிப்பவர் காலை ஓய்வாக வைத்துக்கொள்ள இயலாது. இதனை நிலைப்பல் வண்டி எனலாம். சக்கரம் ஓடும்போதே காலை நிறுத்திக்கொள்ள உதவும் ‘பிரீவீல்’ என்னும் உறுப்பு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவலாயிற்று. அதன் பின்னர் நிலைப்பல் வண்டி பெரும்பாலும் பந்தயத் தளத்திற்கு உரியதாக ஒதுங்கியது. மலேசியாவின் அஜிசுல்ஹஸ்னி அவாங் 2017ஆம் ஆண்டில் கெய்ரின் பிரிவில் உலக வெற்றியாளரானதும் அத்தகைய வண்டியின் மீதுதான். அண்மைக் காலத்தில் நகர இளைஞர் பலர் இவ்வண்டியின் எளிமையை விரும்பி மீண்டும் சாலைக்குக் கொண்டு வந்துள்ளனர்.

1888ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள்

ரோவர் வண்டி தோன்றியபோது அதன் சக்கரத்தைச் சுற்றியிருந்தது திண்ணிய இரப்பர் பட்டையே. கற்சாலையில் ஓட்டினால் எலும்பு நொந்துபோகும். இராபர்ட் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த டயருக்கு 1845ஆம் ஆண்டிலேயே உரிமம் பெற்றிருந்தும், அக்காலத்தில் அதனை ஏற்பார் இல்லை. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்கெனச் செய்து பார்த்த காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். அடுத்த ஆண்டே அத்தகைய டயர் பூட்டிய வண்டி பந்தயங்களில் வென்றது. உலகெங்கும் மிதிவண்டி மோகம் பற்றிக்கொண்டது. மோட்டார் வண்டி பெருகுவதற்கு முன்பே இரப்பருக்கு வந்த பெருந்தேவை மிதிவண்டியால் வந்ததாகும்.

அதே 1888ஆம் ஆண்டில் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து 1876ஆம் ஆண்டில் இலண்டனின் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்ற ஏறத்தாழ 70,000 விதைகளின் வழிவந்த கன்றுகள், 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூரை அடைந்திருந்தன. அவற்றுள் சில கோலகங்சாரிலும் நடப்பெற்றன. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவி நாள்தோறும் பால் எடுக்கும் முறையை ரிட்லி வகுத்தார். பெல்பாஸ்டிலும் சிங்கப்பூரிலும் இருந்த இவ்விருவரின் பணியும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்ததுபோல் ஆயிற்று.

அந்த இடைக்காலத்தில் உலகின் இரப்பர்த் தேவையை நிறைவு செய்தவை அமேசான் காடுகளும், பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ஆட்சியில் இருந்த காங்கோவும் ஆகும். காங்கோவில் குறித்த அளவு இரப்பர் கொண்டு வராத மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் வரலாற்றின் கறைகள். ஐரோப்பிய நகரங்களின் பூங்காச் சாலைகளில் மெத்தென்று உருண்ட டயர்களின் பின்னே அத்தகைய துயரமும் இருந்தது.

20ஆம் நூற்றாண்டு பிறந்ததும் மலாயாவின் காடுகள் அழிந்து பால்மரங்கள் எழுந்தன. 1920ஆம் ஆண்டளவில் உலகின் இரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்தே சென்றது. அம்மரங்களை நடவும் பால் வெட்டவும் தமிழகத்தின் சிற்றூர்களிலிருந்து மக்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், அம்முறை 1910ஆம் ஆண்டில் கைவிடப்பட்ட பின்னர் கங்காணிகளின் வழியாகவும் அவர்கள் வந்தனர். விடியுமுன் எழுந்து, விளக்கொளியில் கோடு சீவி, வாளி சுமந்து பால் கொட்டினர். 1920களின் பிற்பகுதியில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாகக் கணக்கிடப்பட்டன. தம் கையால் எடுத்த பால் எவ்வெந்நாட்டுச் சாலையில் உருள்கிறது என்பதை அவர்கள் அறியார். அறிந்தாலும், ஒரு நல்ல மிதிவண்டி வாங்குவதற்குப் பல வாரக் கூலியைச் சேர்த்தாக வேண்டும்.

இறங்கு என்னும் கட்டளை

சிக்கனமாக வாழ்ந்து காசு சேர்த்துச் சிலர் மிதிவண்டி வாங்கினர். ஆயினும் வாங்கிய வண்டியின்மீது அமர்ந்து செல்லும் உரிமை அவர்களுக்கு முழுமையாகக் கிட்டவில்லை. எதிரே வெள்ளைக்காரத் துரையோ, தோட்டத்து அலுவலரோ வந்தால் தொழிலாளி வண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது பல தோட்டங்களில் எழுதாச் சட்டமாக இருந்தது. ஆளைக் கீழே நிறுத்தி வைப்பதற்கு இரும்பு வேலி தேவைப்படவில்லை; இந்த ஒரு வழக்கமே போதியதாக இருந்தது.

1941ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். கூலி உயர்வோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களின் மானத்திற்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை அவர்களின் கோரிக்கைகளாயின. அப்பட்டியலில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது. ஐரோப்பியரின் முன்னும் தோட்ட அலுவலரின் முன்னும் தொழிலாளர் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லலாம் என்பதே அது.

கூலிக் கோரிக்கைக்கு இணையாக இது வைக்கப்பட்டதைக் கண்டு வியப்போர் இருக்கலாம். ஐந்து காசு, பத்துக் காசு உயர்வு வயிற்றுக்கு வேண்டியது. இறங்காமல் செல்லும் உரிமையோ நெஞ்சுக்கு வேண்டியது. இரண்டும் ஒரே தாளில் எழுதப்பட்டதிலிருந்து, அத்தொழிலாளர் தம் வறுமையை மட்டுமன்றித் தம் இழிநிலையையும் நன்குணர்ந்திருந்தனர் என்பது புலனாகும். போராட்டம் அடக்குமுறையால் ஒடுக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது, உயிர்கள் பலியாயின, நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவிற்கு அனுப்பப்பட்டார்.

இவ்வழக்கத்திற்கு மூலம் வெள்ளையர் ஆட்சி மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. தமிழகத்தின் சிற்றூர்கள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் பிற சாதியார் வாழும் தெருவழியே மிதிவண்டியில் அமர்ந்து செல்லத் தடை இருந்தது. தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும். கடல் கடந்து வந்தவர் அங்குக் கண்ட அதே தலைகுனிவை இங்கு வேறு முகத்தில் கண்டனர். தமிழகத்தில் பெண்களுக்கும் மிதிவண்டி நெடுங்காலம் எட்டாப் பொருளாகவே இருந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்ற நாட்டுப்புறப் பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். எழுத்தறிவோடு சக்கரமும் விடுதலையின் கருவியாகக் கருதப்பட்டது அங்கே. கிள்ளான் தொழிலாளரின் கோரிக்கைக்குப் பொருள் என்ன என்பதை, அரை நூற்றாண்டு கழித்துப் புதுக்கோட்டைப் பெண்கள் மீண்டும் உரைத்தனர் எனின் மிகையாகாது.

சைக்கிளில் வந்த படை

கிள்ளான் போராட்டம் ஒடுக்கப்பட்டு ஏழு திங்களில் வரலாறு தலைகீழாகத் திரும்பியது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தாபாருவில் கரையிறங்கியது. அப்படையினர் பல்லாயிரவர் மிதிவண்டியில் வந்தனர். தகர்க்கப்பட்ட பாலங்களின் அருகே வண்டியைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்து மீண்டும் ஏறி ஓட்டினர். போருக்கு முன்னரே ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் மிகுதியாக விற்கப்பட்டிருந்தமையால், உறுப்புகள் கிடைப்பதில் அவர்களுக்கு இடர்ப்பாடு இல்லை. வெப்பத்தால் டயர் வெடித்தபோது வெறும் இரும்பு வட்டையின்மீதே ஓட்டினர். இரவில் அவ்வோசையைக் கவச வண்டிகளின் இரைச்சல் என்று பிரிட்டிஷ் தரப்பினர் மயங்கியதும் உண்டு என்பர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. எவர் முன்னே தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டியிருந்ததோ, அவர்களே மிதிவண்டியில் வந்த படைக்கு முன்னே தெற்கு நோக்கிப் பின்வாங்கினர்.

ஆனால் புதிய எசமானர் தொழிலாளரை உயர்த்திவிடவில்லை. தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில்பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டு, நோயாலும் பசியாலும் மடிந்தனர். கடல்வழி அடைபட்டதால் மலாயா இரப்பர் மேலைநாடுகளுக்குச் செல்வது நின்றது. அமெரிக்கா செயற்கை இரப்பர்த் தொழிலைப் பேரளவில் வளர்த்துக்கொண்டது. போருக்குப் பின்னர் இயற்கை இரப்பருக்கு அது நிலையான போட்டியாக அமைந்துவிட்டது.

மலைமேல் ஏறிய சாலை

இனித் தாப்பாச் சாலையின் மேல்முனைக்கு வரலாம். 1885ஆம் ஆண்டில் இம்மலைப் பகுதியை அளந்த வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளரின் பெயரே இதற்கு வழங்கலாயிற்று. ஸ்டார்லியின் ரோவர் வண்டி தோன்றியதும் அதே ஆண்டிலாகும். ஆயினும் மலைக்குச் செல்லும் சாலையமைப்பு 1920களின் பிற்பகுதியில்தான் முனைப்புற்றது. ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். உலகப் பொருளாதார வீழ்ச்சியால் இரப்பர் விலை சரிந்து, தாழ்நிலத் தோட்டங்களிலிருந்து தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இந்தியாவிற்குத் திருப்பி அனுப்பப்பட்ட காலம் அது. அக்காலத்திலேதான் மலைமேல் காடு வெட்டித் தேயிலை நடும் பணி நடந்தது. அப்பணியிலும் தமிழரே பெரும்பங்கு கொண்டனர்.

இரப்பர் வெப்பத்தையும் தாழ்நிலத்தையும் நாடும்; தேயிலை குளிரையும் மழையையும் சரிவையும் விரும்பும். ஆகவே தாப்பாவில் பால் வாளி சுமந்த இனம் தானா ராத்தாவை ஒட்டிய சரிவுகளில் கொழுந்துக் கூடை சுமந்தது. தேயிலைச் சரிவின் ஒற்றையடிப் பாதைகளில் மிதிவண்டிக்கு வேலையில்லை. அங்கு வாழ்ந்தோரின் பயணம் காலால் அளக்கப்பட்டது. பிற்காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் படித்து வெளியேறினர். இன்று கொழுந்து பறிப்போருள் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பலர். தாழ்நிலத்திலும் பால்மரங்கள் பல செம்பனைக்கு இடம்விட்டு அகன்றன.

மலைக்கேற்ற வண்டி

இம்மலைச் சாலைக்கென நிலைப்பல் வண்டி ஒன்றைக் கட்ட விரும்பும் மாணவன் எவற்றை நோக்க வேண்டும்? முதலாவது, சட்டம் அவனுடைய கால் நீளத்திற்குப் பொருந்த வேண்டும். பின்சக்கரத்தின் அச்சு அமரும் இடம் பின்னோக்கி நீண்ட பிளவாக இருத்தல் நன்று. சக்கரத்தைப் பின்னிழுத்துச் சங்கிலியை இறுக்குவதற்கு அஃது உதவும். பல்வட்டைக் குடத்தில் வலப்புறமாகத் திருகி, அதன்மேல் இடப்புறமாகத் திருகும் பூட்டு வளையத்தை இறுக்க வேண்டும். இல்லையேல் வேகத்தைக் குறைக்க எதிர்மிதி மிதிக்கும்போது பல்வட்டு கழன்றுவிடும். வளைவில் சாயும்போதும் மிதிகட்டை சுழன்றுகொண்டே இருக்குமாதலால், அது தரையில் இடிக்காத உயரத்தில் அமைய வேண்டும். முன்சக்கரத்திற்குத் தடுப்பு இன்றியமையாதது. தடுப்பில்லா வண்டியை வீரத்தின் அடையாளமாக எண்ணுவது பேதைமை. 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜோகூர்பாருவில் மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளோடு நள்ளிரவுச் சாலையில் இருந்த சிறுவர் எண்மர் கார் மோதி உயிரிழந்த துயரம், மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஒருங்கே பாடமாகும்.

அடுத்தது பல் கணக்கு. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏற்றம் 1,300 மீட்டருக்கு மேல். தொலைவோடு வகுத்தால், சராசரியாக நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மிகுதியாக வரும். முன்வட்டில் 42 பல்லும் பின்வட்டில் 17 அல்லது 18 பல்லும் கொண்டால், ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி ஐந்து மீட்டரை ஒட்டிச் செல்லும். ஏறுவதற்கு அது தாங்கும். இறங்கும்போதோ மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திற்கே கால்கள் நிமிடத்திற்கு நூறு முறை அளவில் சுழல வேண்டும். வேகத்தை அடக்கிய பயணமே அறிவுடைமை.

17ஆ, 18ஆ என்பதில் டயரின் வாழ்நாளும் அடங்கியிருக்கிறது. எதிர்மிதியால் பின்சக்கரத்தை நிறுத்தும்போது கால்கள் பெரும்பாலும் ஒரே நிலையில் நிற்கும். 42க்கும் 18க்கும் உள்ள விகிதத்தைச் சுருக்கினால் 7:3. ஆதலால் டயரின் மூன்றே இடங்கள் மீண்டும் மீண்டும் தரையில் தேயும். 42க்கும் 17க்கும் பொதுக்காரணி இல்லை. தேய்மானம் 17 இடங்களில் பகிர்ந்துகொள்ளப்படும். வகுப்பறையில் கற்ற பின்னச் சுருக்கம் சாலையில் டயரைக் காக்கிறது.

டயரைத் தேர்வதில் பந்தயத் தளத்தின் வழக்கம் மலைக்குப் பொருந்தாது. தளத்தில் 23 மில்லிமீட்டர் அளவிலான ஒடுங்கிய டயரை மிகுந்த காற்றழுத்தத்தோடு ஓட்டுவர். மழையும் உதிர்ந்த இலையும் பாசியும் படிந்த மலைச்சாலைக்கு 28 முதல் 32 மில்லிமீட்டர் வரை அகன்றது ஏற்றது. காற்றையும் ஓட்டுபவரின் எடைக்கேற்பக் குறைத்து அடைத்தல் நன்று. மிகுதியாக அடைத்தால் டயர் தார்ச்சாலையின் சொரசொரப்பைப் பற்றாமல் துள்ளும். ஆழ்ந்த வரிப்பள்ளங்கள் தார்ச்சாலைக்குத் தேவையில்லை. ஈரத்தில் பிடிப்பைத் தருவது இரப்பர்க் கலவையின் மென்மையே. முன்டயர் வழுக்கினால் ஓட்டுபவர் விழுவது திண்ணம். ஆகவே பிடிப்பு மிக்கதை முன்னே பூட்ட வேண்டும். தேய்மானம் பின்டயருக்கே மிகுதி. ஆகவே தடித்ததைப் பின்னே பூட்ட வேண்டும். செயற்கை இரப்பர் எவ்வளவு வளர்ந்திருப்பினும், நெகிழ்ச்சிக்கும் கிழியாத் தன்மைக்கும் இயற்கை இரப்பரின் சிறப்பு குன்றவில்லை.

அந்தச் சிறப்பைக் கையால் தொட்டறிந்தவர்கள் பால்வெட்டுத் தொழிலாளர்கள். டன்லப்பின் பெயர் டயரின் பக்கவாட்டிலேயே பொறிக்கப்பட்டது. ரிட்லியின் பெயர் நூல்களில் நிலைபெற்றது. வெயிலேறுமுன் முந்நூறு, நானூறு மரங்களைச் சுற்றி வந்தவர்களின் பெயர்கள் தோட்டத்துச் செக்ரோலில் கூலிக் கணக்காக மட்டுமே எழுதப்பட்டு, அத்தாள்களோடு மறைந்தன. பாடநூலில் கண்டுபிடிப்பாளரின் பெயரைப் படிக்கும் மாணவன், தன் பாட்டன் பாட்டியின் பங்கையும் அதே பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதனை எடுத்துரைப்பது தமிழாசிரியரின் கடமையுமாகும்.

இன்று தாப்பாச் சாலையில் மிதிவண்டியில் ஏறும் தோட்டத்துப் பேரன் எவரைக் கண்டும் இருக்கையை விட்டு இறங்க வேண்டியதில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளானில் தாளில் எழுதப்பட்ட கோரிக்கை அவன் அமர்ந்திருக்கும் இருக்கையில் நிறைவேறியிருக்கிறது. ரிங்லெட்டுக்குக் கீழுள்ள வளைவுகளில் மூச்சு முட்டினால் அவன் இறங்கித் தள்ளிக்கொண்டு செல்லலாம். அவன் மலைக்காக இறங்குகிறான், மனிதனுக்காக அன்று.